ஒப்பிட்டுக் கேட்கும் வேலை

ஓசூரில் நான் பார்த்த வேலைகளில் உட்கார்ந்து பார்த்தது அது ஒன்றுதான். அதற்கு முன் நான்கு வருடம் ஒரு பிரஸ் ஷாப்பில் நின்றேன். தகடு வெட்டும் மிஷினில், வெட்டிய துண்டை ஊதித் தள்ளும் காற்றுக்குழாய் என் இடது காதுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. ஷிஃப்ட் முடியும்வரை சீறிக்கொண்டே இருக்கும். காதில் அடைப்பான் வைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். வைத்தால் சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்காது, ஏச்சு விழும். அதனால் நான் வைக்கவில்லை.

புது வேலை ஹெட்போன் கேட்பது. விலை உயர்ந்த ஹெட்போன்களை வாங்கிவிட்டுப் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது. அவை எங்கள் யூனிட்டுக்குப் பெட்டி பெட்டியாக வரும். துடைத்து, மெத்தை மாற்றி, மறுபடி விற்பனைக்கு அனுப்புவோம். அதற்கு முன் ஒவ்வொன்றையும் இரண்டு பேர் மாட்டிக் கேட்டு மார்க் போட வேண்டும். குறையே இல்லாத ஒன்று எப்போதும் மேசையில் இருக்கும். அதற்கு மாஸ்டர் என்று பெயர். முதலில் மாஸ்டர், பிறகு வந்த பீஸ். ஒரே பாட்டின் ஒரே பகுதி. சத்தத்துக்குப் பத்து மார்க், சௌகரியத்துக்குப் பத்து. ஒருவர் போடுவதை மற்றவர் பார்க்கக் கூடாது.

சௌகரியம் பார்ப்பதற்காகத் தோடு, மாட்டல் எல்லாவற்றையும் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு உட்காருவோம். தலைக்கு எண்ணெய் கூடாது, பூ கூடாது. சில ஹெட்போன் நெற்றிப்பொட்டை நெரிக்கும். சிலது உச்சந்தலையில் கல்லை வைத்த மாதிரி உட்காரும். கழற்றிய பிறகும் அரைமணி நேரம் தலையில் இருப்பது போலவே இருக்கும்.

என்னோடு அந்த மேசையில் இருந்த அக்காவுக்குச் சானமாவு காட்டைத் தாண்டி ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு, என்னோடு தமிழ், கூட்டிப் பெருக்க வரும் அம்மாவோடு கன்னடம். என்னைவிட ஆறு வயது மூத்தவர். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் சத்தத்தைப் பற்றி அவர் சொன்ன மாதிரி இன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"இது இருக்குதே, கதவ சாத்திட்டு உள்ள உக்காந்து பாடற மாதிரி" என்பார், தோல் மெத்தை வைத்த கனமான ஒன்றைக் காட்டி. "தபலா நெஞ்சுல வந்து இடிக்குது. ஆனா அரை மணி நேரத்துல காது வெந்துடும்." வெளிப்பக்கம் வலை வைத்த இன்னொன்றைத் தூக்கி, "இது வாசல்ல உக்காந்து பாடற மாதிரி. வயலின்காரன் அங்க, பாடறவ இங்க, தனித்தனியா தெரியுது. மாட்டியிருக்கறதே தெரியல" என்பார். வெளிச்சத்தத்தை அடக்கும் வகை அவருக்குப் பிடிக்காது. "தொப்பூர் கணவாய்ல பஸ் ஏறும்போது காது அடைக்குமே, அது மாதிரி. எனக்கு வேணாம் சாமி."

சேர்ந்த முதல் வாரம். வலை வைத்த ஹெட்போனில் பாட்டைக் கேட்டுவிட்டு அவர் கண்ணை மூடிச் சிரித்தார்.

"சரணத்துக்கு முன்னால அந்தம்மா மூச்சு இழுக்குது பாரு. உதடு பிரியற சத்தம்கூட கேக்குது. கேட்டியா கண்ணு?"

நான் மாட்டினேன். பாட்டு கேட்டது. மூச்சு கேட்கவில்லை. திரும்ப ஓட்டினேன். வலது காதில் ஏதோ மெல்லியதாக வந்தது. இடது பக்கம் வெறும் பஞ்சு மாதிரி இருந்தது.

"ஆமாங்கா, கேக்குது" என்றேன்.

என் இடது காது மந்தம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பேச்சு கேட்கிறது, ஹாரன் கேட்கிறது, போனில் பேச முடிகிறது, அதனால் காது நன்றாக இருக்கிறது என்றே நினைத்திருந்தேன். இடது பக்கத்து ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல் இருந்தால், ஈ பறக்கிற மாதிரி ஒரு நடுக்கம் இருந்தால், எனக்கு ஒன்றுமே தெரியாது. திருப்பி மாட்டி வலது காதால் கேட்டால் தெரியும். ஆனால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்க நேரம் கிடையாது. ஷிஃப்டுக்கு இத்தனை என்று டார்கெட் இருந்தது.

அக்கா என்னிடம் எதையும் விசாரிக்கவில்லை. மறு வாரம் ஒரு பீஸைக் கேட்டு முடித்ததும் மேசைக்கடியில் என் காலை அவர் கால் இரண்டு தடவை தட்டியது. குறை இருக்கிறது என்று அர்த்தம். ஒரு தடவை தட்டினால் சரி. நாங்கள் இதைப் பற்றி வாயைத் திறந்து பேசியதே இல்லை. இப்படியே ஆறு மாதம் போயிற்று. எங்கள் மேசையில் இரண்டு மார்க் தாளும் ஒன்றுபோலவே இருந்தன.

அதுதான் வினையாகப் போயிற்று. மற்ற மேசைகளில் வாரத்துக்குப் பத்துப் பதினைந்து பீஸுக்கு மார்க் மாறி வரும். எங்களிடம் மாறுவதே இல்லை. பெங்களூரிலிருந்து ஒரு மேடம் வந்தார். வேண்டுமென்றே குறை வைத்த சில ஹெட்போன்களை நல்லவற்றோடு கலந்து, எங்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்துப் பார்க்கப் போகிறார் என்றார்கள்.

அது தை மாதம். காலையில் ஓசூரே பனியில் மூழ்கியிருக்கும். கம்பெனி வேனில் அக்கா ஷாலைத் தலையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூக்கு சிவந்திருந்தது.

"ரெண்டு நாளா சளி. ரெண்டு காதும் அடைச்சிருக்குது கண்ணு. கெணத்துக்குள்ள இருக்கற மாதிரி இருக்குது."

"சார் கிட்ட சொல்லிட்டு இன்னொரு நாள் வெக்கச் சொல்லலாங்கா."

"சொன்னன். அந்த மேடம் இன்னைக்கே போயிடுதாம்."

அறையில் நேரக் கட்டுப்பாடு இல்லை. மேடம் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் ஒரு தடவை நேராக மாட்டினேன், ஒரு தடவை திருப்பி மாட்டினேன். நல்ல காது இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டது. எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன். அக்கா நான்கைத் தவறவிட்டார்.

மத்தியானம் சூப்பர்வைசர் இருவரையும் கூப்பிட்டார். மதுரைப் பக்கத்துக்காரர், கத்திப் பேச மாட்டார்.

"ஆறு மாசமா ஒருத்தரைப் பாத்து இன்னொருத்தர் மார்க் போட்டிருக்கீக. யாருன்னு இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "இவங்க உங்களப் பாத்துத்தானம்மா போட்டாங்க?"

நான் தலையைக் குனிந்தேன். அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். பல வருடம் என் வீட்டுக்காரரிடம்கூட இதை இப்படித்தான் சொன்னேன். அது உண்மை இல்லை. ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன். ஒரு தடவை, நன்றாகத் தெரியும்படி.

"அவருக்குச் சளி சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் காதைப் பற்றிக்கூடச் சொல்லியிருக்க வேண்டாம். அந்த ஒரு வார்த்தை போதும்.

"நாளையிலேருந்து நீங்க வர வேணாம்மா" என்றார் சார் அக்காவிடம். அக்கா என்னைப் பார்த்தார். "சரிங்க சார்" என்றார். வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். டப்பாவிலிருந்து தோட்டை எடுத்துப் போட்டுக்கொள்ளப் பார்த்தார். திருகாணி கைதவறிக் கீழே விழுந்தது. நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

வேறு ஒரு பெண்ணை என் மேசையில் உட்காரவைத்தார்கள். அவள் மார்க்கும் என் மார்க்கும் சேரவே இல்லை. எட்டு மாதம் எப்படியோ ஓட்டினேன். பிறகு கம்பெனியில் எல்லோருக்கும் காது டெஸ்ட் வைத்தார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். இடது பக்கம் வந்தபோது நான் அமைதியான அறையில் பட்டனைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தேன். டெஸ்ட் எடுத்தவர் "முடிஞ்சிருச்சும்மா" என்றபோதுதான் அது நடந்து முடிந்ததே எனக்குத் தெரிந்தது. மறுநாள் என்னைப் பேக்கிங்கில் போட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். காட்டில் யானை ரோட்டுக்கு வந்துவிட்டதென்று பஸ்ஸை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். திரும்பிப் போய்விடலாமா என்று அந்த ஒரு மணி நேரமும் நினைத்தேன்.

அக்கா ரோஜாத் தோட்டத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பசுமைக் குடிலுக்குள் மருந்து அடிக்கிற வேலை. முன்கையெல்லாம் தடிப்புத் தடிப்பாக இருந்தது. எங்கள் பக்கம் எல்லாக் கம்பெனிக்கும் ஆள் அனுப்புகிறவர் ஒரே கான்ட்ராக்டர். "காப்பி அடிச்சு மாட்டுனவ" என்று அவர் அக்காவை வேறு எங்கும் எடுக்கவில்லையாம்.

காபி கொடுத்தார். நான் குடிக்காமல் வைத்துக்கொண்டு, "அக்கா, எனக்குக் காது போயிருச்சு. பேக்கிங்ல போட்டுட்டாங்க" என்றேன்.

"உனக்குக் கேக்கலைன்னு மொத வாரமே எனக்குத் தெரியும். அதனாலதான கால்ல தட்டுனன்."

"அன்னைக்கு சார் கேட்டப்ப நான்..."

"நீ தலைய ஆட்டுனத நான் பாத்தன்." அவர் குரல் உயரவில்லை. "இவளுக்குத்தான் சார் கேக்காதுன்னு எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. உன் மூஞ்சப் பாத்தன், சொல்லல. நீ என் மூஞ்சப் பாக்கவே இல்ல."

எனக்கு அழுகை வந்தது. அவர் என்னைத் தேற்றவில்லை. நான் அழுது முடிக்கும்வரை முன்கையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார்கிட்டப் போய் எல்லாத்தையும் சொல்லிடறன்கா."

"அங்க எதுக்கு? சொல்றதா இருந்தா கான்ட்ராக்டர்கிட்ட சொல்லு. இந்த மருந்து எனக்கு ஒத்துக்கல." பிறகு, "அவரு வர்ற நேரம். நீ கெளம்பு" என்றார். அவரு என்றது கணவரை. வேலை போன அன்று அவர் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இல்லை.

மறுநாளே கான்ட்ராக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். காலால் தட்டியது, திருப்பி மாட்டியது, தலையாட்டியது எதையும் விடவில்லை. அவர் போனை நோண்டிக்கொண்டே கேட்டார். "அப்ப ரெண்டு பேருந்தான் ஏமாத்தியிருக்கீங்க" என்றார். அந்த வாரக் கடைசியில் என்னையும் பேக்கிங்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அக்காவை எங்கிருந்தும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

போனில் அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "சொல்லிட்டன்கா. என்னையும் நிறுத்திட்டாங்க."

நான் போனை வலது காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"சரி" என்றார். "எனக்கு டேங்க்ல மருந்து கலக்கணும். வெக்கறன்."

அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை கூப்பிட்டேன். அவர் எடுக்கவில்லை.