வேண்டுதல்கள் ஓய்ந்த காலை

அண்ணாமலையாரை நம்பி வாழும் எல்லோருக்கும் வணக்கம். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. பஜனையில்கூடக் கடைசி வரிசையில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைக்கிற ஆள் நான். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். பத்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொரோனா வந்து ஊரே அடங்கிக் கிடந்த நேரம். செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை எனக்கு. வெளிநாட்டுக்காரர்கள் கிளம்பிப் போனதும் அதைப் பூட்டிவிட்டார்கள். நானும் என் மனைவி தனமும் வேங்கிக்கால் வீட்டிலேயே இருந்தோம். வேலை போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். எங்கள் ஒரே மகள் சரண்யா அப்போதுதான் நர்ஸிங் முடித்துச் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். அவளுக்குக் கொரோனா வார்டில் டியூட்டி போட்டார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

டிவியை நிறுத்தினால் பயம். போட்டால் அதைவிடப் பயம். அவளுக்குப் போன் செய்வேன். "சாப்பிட்டியா, இருமல் இருக்கா, மாஸ்க் போட்டிருக்கியா" என்று கேட்பேன். வைத்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கூப்பிடுவேன்.

நம் ஊரில் ஒரு கஷ்டம் வந்தால் மலையைப் பார்த்து, 'இது நல்லபடியாக முடிந்தால் கிரிவலம் வருகிறேன்' என்று வேண்டிக்கொள்வோம் இல்லையா? நான் எல்லாவற்றுக்கும் வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். அவள் போனில் செருமினால் ஒரு கிரிவலம். போனை எடுக்காவிட்டால் இன்னொன்று. டிவியில் கெட்ட செய்தி வந்தால், மொட்டை போட்டுக்கொண்டு ஒன்று. வாய்விட்டு முணுமுணுத்ததை ஒருநாள் தனம் கேட்டுவிட்டாள்.

"இன்னாங்க இது? நீங்க வேண்டிக்கினதை எல்லாம் சுத்தி முடிச்சா மலையே தேஞ்சிடும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிரிவலப் பாதையை மூடியிருந்தார்கள். பௌர்ணமிக்குக்கூட யாரும் நடக்கவில்லை. வேண்டியதைச் செய்யாமல் விட்டால் சாமி குத்தம் ஆகுமே, அது பிள்ளை மேல் விழுமே என்று புதிதாக ஒரு பயம் பிடித்தது. அந்தப் பயம் தீர இன்னொரு வேண்டுதல் வைத்தேன்.

ஒருநாள் சரண்யா போனில் வெடித்துவிட்டாள். "ப்பா, ஒரு நாளைக்கு எத்தினி வாட்டிப்பா போன் பண்ணுவ? வார்டுல அத்தினி பேருக்கும் தைரியம் சொல்லிட்டு வெளிய வரேன். வந்தா நீ அழற. நான் யார்கிட்டப்பா போய் அழறது?"

அதற்குப் பிறகு என் போனை எடுப்பதில்லை. அம்மாவிடம் மட்டும் பேசுவாள்.

சில நாள் கழித்துத் தனம் அடுப்படியில் நின்றபடியே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "புள்ளைக்குக் காய்ச்சல். டெஸ்ட்ல பாசிட்டிவ்னு வந்திருக்கு. ஆஸ்டல் ரூம்ல தனியா வெச்சிருக்காங்க. உங்ககிட்ட சொல்லவே வேணாம்னு சொன்னா."

நோய் வந்ததைவிட அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கொன்றது. என் பிள்ளைக்கு உடம்பு முடியவில்லை. அதை என்னிடம் சொல்ல அவளுக்குப் பயம்.

எல்லாம் செய்யாமல் விட்ட வேண்டுதலால்தான் என்று நினைத்தேன். மறுநாள் விடிந்ததும் செருப்பில்லாமல் கிளம்பிவிட்டேன். பாதையில் தடுப்பு வைத்திருந்தார்கள். ஒரு சின்ன வயசுப் போலீஸ்காரர் நின்றிருந்தார்.

"எங்கண்ணே?"

"மலை சுத்த."

"ஊரையே திருப்பி அனுப்பறோம். உங்களுக்கு மட்டும் மலை வேற ரூட்டு போட்டிருக்கா? வீட்டுக்குப் போங்கண்ணே. அப்புறமா சாவகாசமா சுத்தலாம்."

என் மகளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். திரும்பிவிட்டேன்.

நேராக மொட்டை மாடிக்குப் போனேன். எதிரே மலை. மேகம் ஏதுமில்லாமல் பளிச்சென்று இருந்தது. எத்தனையோ வேண்டியிருந்தும் அன்று எதையும் பேரம் பேச எனக்குத் தெம்பில்லை. உட்கார்ந்து அழுதேன். 'அண்ணாமலையாரே, இந்தப் பயத்தை என்னால் தூக்க முடியவில்லை. இதற்குப் பதில் தர என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்' என்று மட்டும் சொன்னேன்.

அழுது ஓய்ந்தபோது தனம் போனோடு மேலே வந்தாள். "உங்களைத்தான் கேக்கறா. உங்களுக்குக் கோடி புண்ணியம், ஒண்ணும் கேக்காதீங்க."

வீடியோவில் சரண்யா. முகம் வாடியிருந்தது. "ப்பா, மாடியிலயா இருக்க? மலை தெரியுதா? காட்டேன்."

போனை மலைப் பக்கம் நீட்டினேன்.

"ப்பா, உன் மூக்குதான் தெரியுது."

தனம் கேமராவைத் திருப்பும் பட்டனை அமுக்கிக் கொடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். காய்ச்சல் எவ்வளவு என்று தொண்டை வரை வந்தது. கேட்கவில்லை. அவள் மூச்சு மட்டும் கேட்டது. கடைசியில், "நாளைக்கும் காட்டுப்பா" என்றாள்.

நான் கேட்டதற்குப் பதில் அதுதான் என்று இன்றும் நம்புகிறேன். நோய் அன்றே போய்விடவில்லை. ஆனால் என் பயத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. தினமும் காலையில் மலையைக் காட்டினேன். அவளுக்குக் காய்ச்சல் இறங்கி, மறுபடியும் டியூட்டிக்குப் போனாள். பிறகு அவளோடு தங்கியிருந்த மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். "அங்கிள், கொஞ்சம் லெஃப்ட்ல" என்பார்கள். கை கூப்பிவிட்டு வார்டுக்கு ஓடுவார்கள். "கேமராமேன் டிஃபன் சாப்பிட வரீங்களா?" என்று தனம் கீழேயிருந்து கூப்பிடுவாள்.

பாதை திறந்ததும் ஒருமுறை நிதானமாக மலை சுற்றினேன். எதற்கு என்று கணக்கு வைக்கவில்லை. அதன்பிறகு பேரம் பேசி வேண்டுவதையே விட்டுவிட்டேன்.

பயம் அடியோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். போன வாரம் சரண்யா போன் செய்தாள். அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது, இப்போது ஏழு மாதக் கர்ப்பம். "ப்பா, ஸ்கேன்ல தண்ணி கம்மியா இருக்குன்றாங்க. பயமா இருக்குப்பா. அம்மாகிட்ட இன்னும் சொல்லல."

எனக்கும் பயம்தான். ஆனாலும் "சொல்லும்மா" என்றேன். அவள் அழுது முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

இது எப்படி முடியும் என்று தெரியாமல்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பயம் இருக்கும். அதை ஒருநாள் சாமி முன்னால் வெறுங்கையோடு இறக்கி வைத்துப் பாருங்கள். என் மகள் பயந்தபோது முதலில் என்னைக் கூப்பிட்டாள். எனக்கு அண்ணாமலையார் கொடுத்தது அதுதான்.