கடைசிப் பக்கம் கடைக்காரரிடம்

மாலை வகுப்பு வாத்தியார் ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லுக்கும் அகராதியைப் புரட்டச் சொன்னார். அப்படிப் படித்ததில், முதல் பாடத்தில் தொலைந்த நாய் வீடு வந்து சேர்வதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது. போதுமடா சாமி என்று சிராங்கூன் சாலைக் கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் இருந்த வாடகைப் புத்தகக் கடைக்குக் கட்சி மாறினேன். அங்கே எல்லாம் துப்பறியும் கதைகள். புரியாத சொல்லைத் தாண்டிப் போய்விடுவேன். கொலைகாரன் ஓடும்போது நின்று அகராதி பார்க்க யாரால் முடியும்?

கடைக்காரருக்கு இங்கிலீஷ் ஓர் எழுத்துகூடத் தெரியாது, வியாபாரம் தெரியும். கடைசிப் பக்கங்களைக் கிழித்து வைத்துக்கொண்டுதான் புத்தகத்தைக் கொடுப்பார். திருப்பிக் கொடுத்தால் அங்கேயே நின்று முடிவைப் படித்துக்கொள்ளலாம்.

"புக்கு வராம முடிவு கிடையாது லா" என்பார்.

அப்போது நான் செம்பவாங் கடற்படைத் தளத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். ஸ்டோர் கிளார்க் வேலைக்கு நேர்காணல் வந்தது. அதை விட்டால் ஆயுசுக்கும் மூட்டைதான். கடைசியாக என்ன படித்தாய் என்று வெள்ளைக்கார அதிகாரி கேட்டார். முடிவு தெரியாமல் நின்ற கதையையே சொன்னேன். பிணம் விழுந்ததும் மனிதர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"கொன்றது யார்?"

"தெரியாது சார். கடைசிப் பக்கம் கடைக்காரரிடம் இருக்கிறது."

"திங்கட்கிழமை வந்து சொல். வேலையைப் பற்றி அப்புறம் பார்க்கலாம்."

புத்தகத்தோடு நேராகக் கடைக்கு ஓடினேன். அவர் கொடுத்த பக்கங்களில், கதையிலேயே இல்லாத ஒரு சமையல்காரியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. வேறொரு புத்தகத்தின் வால்!

"சரியானது எங்க போச்சோ, தெரியலை தம்பி. எல்லா முடிவும் ஒண்ணுதான், போலீஸ் பிடிச்சுரும்" என்று சமாதானம் வேறு. அவர் கழுத்தை நெரித்திருந்தால் இன்னொரு துப்பறியும் கதை கிடைத்திருக்கும்.

திங்கட்கிழமை அதிகாரி முன்னால் போய் நின்றேன். வேறு வழியில்லாமல் கொலைகாரனை நானே பிடித்தேன். குடும்ப வக்கீல், தோட்டத்துக் கத்தரிக்கோல், ஒரு பொய்ச்சாட்சி என்று வாய் தன் பாட்டுக்கு அவிழ்த்துவிட்டது. எல்லாம் இங்கிலீஷில். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வக்கீல் மேல் தனக்கு முதலிலிருந்தே சந்தேகம் என்று பெருமையடித்துக்கொண்டே அதிகாரி வேலையைக் கொடுத்தார்.

பல வருஷம் கழித்து அந்தக் கதை முழுசாகக் கிடைத்தது. கொன்றது டாக்டராம். சுத்தப் பேத்தல். என் வக்கீல்தான் கொன்றான். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே அவன் புண்ணியத்தில்தான்.