மூன்று முறை கிளப்பிக் காட்டாமல் கையெழுத்து கிடையாது

புல் வெட்டும் மோட்டாரைக் கிளப்பிக் காட்டுகிற தொழிலில் சொன்ன பேச்சைக் கேட்பது மோட்டார் ஒன்றுதான், அதுவும் நாலாவது சுற்றில். யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுக்கப் போய், "எனக்குத் தெரியாதா?" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியவர்களா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி. மேலே படியுங்கள்.

பொம்பளைப் பிள்ளையே கிளப்புது

சென்னையில் பி.ஏ.வுக்குத் தர்க்க சாஸ்திரம் படித்துவிட்டுப் பினாங்குக்குக் கப்பலில் வந்து இறங்கிய எனக்கு இரண்டு வழிகள் இருந்தன: கல்யாணம், அல்லது பீச் ஸ்ட்ரீட். பீச் ஸ்ட்ரீட்டில் மோட்டார் சாமான் விற்கும் கம்பெனி ஒன்றில் பெட்ரோல் புல்வெட்டி புதிதாக வந்து இறங்கியிருந்தது. முன்னால் சுழலும் கத்திகள், பின்னால் இரும்பு உருளை, நடுவில் மோட்டார், பக்கவாட்டில் சுற்றிக் கிளப்ப ஓர் இரும்புக் கைப்பிடி. மேனேஜர் வைத்திலிங்கம் என்னை வேலைக்கு எடுத்தது என் பட்டத்தைப் பார்த்து அல்ல. "பொம்பளைப் பிள்ளையே கிளப்புதுன்னு பார்த்துட்டா, எந்த ஆம்பளையும் எனக்கு வராதுன்னு சொல்லமாட்டான்" என்றார்.

கோபம் வந்தது. அதை விழுங்கிவிட்டு ஒரு நிபந்தனை போட்டேன். முதலாளி ரசீதில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், நாளும் அந்த மெஷினோடு மாரடிக்கப் போகிற தோட்டக்காரர் என் கண்ணெதிரே மூன்று முறை சரியாகக் கிளப்பிக் காட்டவேண்டும். காரணம் இல்லாமல் இல்லை. கைப்பிடியைக் கட்டைவிரலும் சேர்த்துச் சுற்றிப் பிடித்தால், மோட்டார் திருப்பி உதைக்கும்போது விரல் முறியும். கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கவேண்டும். கிளட்ச்சை விடுவிக்காமல் கிளப்பினாலோ, மோட்டாருக்கு உயிர் வந்த நொடியே கத்தியும் சுழன்று வண்டி பாய்ந்துவிடும். மேனேஜர் அரை மணி நேரம் வாதாடிக் களைத்துப்போய், பதிலுக்குத் தன் நிபந்தனையையும் போட்டார்: "மூணு மாசம் பார்ப்போம். யாருக்காவது ஒரு நகம் பேர்ந்தாலும் உன் ரூலும் போச்சு, நீயும் வீட்டுக்குப் போகலாம் லா!"

விரல் யாருடையது

நார்த்தம் ரோட்டில் கடலைப் பார்த்த பங்களா. வாங்கியவர் வக்கீல். அவருடைய தோட்டக்காரர் முனியாண்டி அண்ணன், கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து நாள் தவறாமல் பெரிப் படகு ஏறி வருகிறவர், பத்தடி தள்ளிக் கைகட்டி நின்றார். அவரைக் கூப்பிடுங்கள் என்றேன்.

"அவன் எதுக்கு? மெஷின் என்னுது."

"விரல் அவருடையது."

"அவன் என் வேலையாள், அம்மா."

"வேலையைத்தானே வாங்கினீர்கள்? விரலையும் சேர்த்து வாங்கினீர்களா?"

கோர்ட்டில் அவரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை போலும். இருபது நிமிஷம் வாதாடினார். கடைசியில், தினமும் தானே கிளப்பிக் கொடுப்பதாகவும் முனியாண்டி தள்ளினால் போதும் என்றும் சமரசம் சொன்னார். நல்லது, நீங்களே மூன்று முறை கிளப்புங்கள் என்றேன். பட்டுச் சட்டையின் கையை மடித்துவிட்டுச் சுற்றினார். பத்துச் சுற்று. இருபது. "முதலில் பெட்ரோல்..." என்று வாயைத் திறந்தேன். "குறுக்கே பேசாதே!" என்றார். சுற்றுகளை எண்ணினேன். நாற்பதாவது சுற்றில் அவர் புல்லில் உட்கார்ந்துவிட்டார். முனியாண்டி அண்ணன் வந்து நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார், மூடியிருந்த பெட்ரோல் குழாயைத் திறந்தார், கிளட்ச்சைப் பார்த்தார், கட்டைவிரலை ஒதுக்கிக்கொண்டு ஒரே இழுப்பு. மோட்டார் பாடியது. நிறுத்தினார், இன்னும் இரண்டு முறை அப்படியே. நான் ரசீதை நீட்டினேன். பேனாவைப் பிடிக்க விரல் மடங்காத வக்கீலிடம் முனியாண்டி அண்ணன் பணிவாகச் சொன்னார்: "ஐயாவுக்குக் கை வலிச்சாச் சொல்லுங்க, கையெழுத்தையும் நானே போட்டுடுறேன்."

சாமி எங்கே இருக்கிறார்

டத்தோ கிராமாட் சாலையில் ஒரு ஜவுளிக்காரர் வீடு. புது வண்டி வாசலுக்கு வந்தால் நம்மவர்கள் பூசை போடாமல் விடுவார்களா? நான் ரிக்‌ஷாவை விட்டு இறங்கும்போது மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மல்லிகை மாலை எல்லாம் ஆகியிருந்தது. காலி வயிற்றோடு பூசை கூடாதென்று பெட்ரோலைத் தளும்பத் தளும்ப ஊற்றியிருந்தார்கள். அந்தத் தொட்டியின் மூடிமேல் ஒரு வெற்றிலை, வெற்றிலைமேல் நெல்லிக்காய் அளவு கற்பூரம். ஜவுளிக்காரர் தீக்குச்சியைக் கிழிக்கப்போன நேரம், ஓடிப்போய்ப் பெட்டியைப் பிடுங்கினேன்.

"சாமி காரியத்துல கைவைக்கிறியே!" என்று அவர் மனைவி சீறினார். தர்க்கத்தில் இறங்கினேன். "அக்கா, சாமி எங்கும் இருக்கிறார்தானே?" "ஆமா." "அப்படியானால் இருபதடி தள்ளி அந்த மாமரத்தடியிலும் இருப்பார்." அந்த அம்மாளே வெற்றிலையை எடுத்தார். கற்பூரம் மாமரத்தடிக்குப் போனது. அது அணைந்து சாம்பலான பிறகு, சிந்திய பெட்ரோலைத் துடைத்துக் காயவிட்டு, எல்லோரையும் மெஷினுக்குப் பின்னால் நிறுத்தினேன். அவர்கள் வீட்டுத் தோட்டக்காரர் மூன்று முறை அழகாகக் கிளப்பினார்.

கார் சக்கரத்துக்கு வைப்பதுபோல் எலுமிச்சம்பழம் வைத்திருந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இந்த மெஷினுக்கு முன்பக்கம் சக்கரம் இல்லாததால் கத்திக்கு அடியில் வைத்திருந்தார்கள். தோட்டக்காரர் கிளட்ச்சைப் போடவும், ஜவுளிக்காரர் கும்பிடுவதற்காகச் சட்டென்று முன்னால் போய் நிற்கவும் சரியாக இருந்தது. பாதி எலுமிச்சம்பழம் அவர் நெற்றியில் வந்து விழுந்தது. என் வேலை போயிற்று என்று கண்ணை மூடினேன். காயம் இல்லை, கண்ணில் சாறு மட்டும். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெஷினைப் பயபக்தியோடு பார்த்தார்: "ஏம்மா, தேங்காயும் உடைக்குமா?"

வாசனைக்கு

ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு சாப்பாட்டுக்கடைக்காரர், பாய். பெட்ரோல் டின்னைச் சாய்த்து ஊற்றும்போது வாயில் சுருட்டு. "பாய், சுருட்டு!" என்று அலறினேன். "அணைஞ்சது, தங்கச்சி. வாசனைக்கு வாயில இருக்கு." அணைந்த சுருட்டு புகைவிடாது என்றேன். நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு, ரொம்ப மரியாதையாக, சுருட்டுப் பிடித்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். முதுகுக்குப் பின்னால் இரண்டாவது டின் மூடி இல்லாமல் இருந்தது. பாய்ந்துபோய்ச் சுருட்டைப் பறித்து மீன் தொட்டியில் எறிந்தேன். அவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "அசல் திண்டுக்கல், தங்கச்சி. மெஷினுக்குப் பெட்ரோல்னா எனக்கு அதுதான்."

யாருக்காவது என்றால் யார்?

மூன்று மாதம் முடிய நாலே நாள். கெப்பாலா பத்தாஸ் ஊருக்குப் போய்விட்டு நான் கடைக்குத் திரும்பியபோது, மேனேஜர் வைத்திலிங்கத்தின் வலது கட்டைவிரல் சிம்பு வைத்துக் கட்டி, கத்தரிக்காய் பருமனில் இருந்தது. நடந்தது இது: துரைமார் கிளப் ஒன்றின் செயலாளர் மூன்று மெஷின் கேட்டு வந்திருக்கிறார். எனக்காகக் காத்திருப்பானேன், மூன்று மாதமாகக் கேட்டுக்கேட்டுக் காது புளித்த விஷயம்தானே என்று இவரே கொல்லையில் வைத்துக் கைப்பிடியைக் கோழிக்கழுத்துப்போல ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடித்துச் சுற்றியிருக்கிறார். மோட்டார் உதைத்த வேகத்தில் விரல் முறிந்தது.

வலியிலும் அவர் முகத்தில் ஒரு வெற்றி. "யாருக்காவதுன்னு தானே சொன்னேன்? நானும் யாரோதானே?" தர்க்கப்படி ஓட்டையே இல்லை. தர்க்கம் படித்தவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. என்னை நீக்கச் சிங்கப்பூர் தலைமைக் கடைக்குக் கடிதம் எழுதவேண்டும். அவர் கை எழுதாது, கிளார்க் லீவு. என்னையே எழுதச் சொன்னார். எழுதினேன்.

"ஒரு விபத்து நடந்த காரணத்தால்னு போடு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"எப்படி என்று கேட்பார்களே?"

"சுருக்கமா எழுது."

எழுதி முடித்து உரக்கப் படித்தேன்: "கட்டைவிரலை எங்கே வைக்கவேண்டும் என்று பினாங்கிலுள்ள எங்கள் தோட்டக்காரர் அத்தனை பேருக்கும் தெரியும். மூன்று முறை கிளப்பிக் காட்டாமல் மெஷினைத் தொட்டவர் மேனேஜர் ஒருவரே. அவருக்கே விபத்து நேர்ந்தது. ஆகையால் கற்றுக்கொடுத்தவளை நீக்குகிறோம்."

பேனாவை நீட்டினேன். இடது கையில் வாங்கினார். கடிதத்தைப் பார்த்தார், கத்தரிக்காயைப் பார்த்தார், பேனாவைக் கீழே வைத்தார். "கிழிச்சுப் போடு பிள்ளே. நாளைக்குக் காலையில கிளப் தோட்டக்காரங்க மூணு பேரு கத்துக்க வர்றாங்க, வரிசையில கடைசியா நானும் நிக்கிறேன்."

ஆக, இந்த ஊரில் ஒரு மோட்டாரைப் பத்திரமாகக் கிளப்ப இரண்டு நிமிஷம் போதும், அதைக் கிளப்புகிறவரை ஒப்புக்கொள்ள வைக்கத்தான் ஒரு பி.ஏ.வும் ஒரு கட்டைவிரலும் தேவைப்படுகின்றன.