அண்ணியின் இரட்டைக் குறி

கொழுந்தன் எழுதிய கோப்பைத் திறந்ததும் அண்ணி முதலில் மூக்கைச் சுளிப்பார். அப்புறம் அதிலுள்ள ஒற்றை மேற்கோள் குறிகளை ஒவ்வொன்றாக அழித்து இரட்டையாக்குவார். பக்கத்தில் டீ ஆறிப்போனாலும் திரும்பிப் பார்க்கமாட்டார்.

டயர்க் கடைக்கு மேலே ஒரே அறை. இணையதளம் செய்து கொடுக்கும் அண்ணி, அவர் கணவரின் தம்பி, ஓரத்தில் ஒரு மேசை போட்டுப் புத்தக அட்டை வரையும் நான். கொழுந்தன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, எனக்கும் கீழேயிருக்கும் டயர்க் கடைக்காரருக்கும்கூட அவர் அண்ணிதான்.

இணையப் பக்கத்தை எழுதும்போது படத்தின் பெயர், இணைப்பின் முகவரி எல்லாவற்றையும் மேற்கோள் குறிக்குள் அடைப்பார்கள். ஒற்றையோ இரட்டையோ, பிரவுசருக்கு இரண்டும் சம்மதம். அண்ணிக்குச் சம்மதமில்லை. “ஒத்தைக் குறி போட்டா கதவை அரைகுறையா சாத்துன மாதிரி இருக்கு” என்பார். “ரெட்டைக்கு ஷிப்டை வேற அமுக்கணும். எதுக்கு அண்ணி வெட்டி வேலை?” என்பார் கொழுந்தன். இருவரும் சோறு இல்லாமல்கூட இருப்பார்கள், இந்தச் சண்டை இல்லாமல் இருக்கமாட்டார்கள்.

போன வாரம் ரொட்டிக் கடைக்காரரின் தளம் திறப்பதாக இருந்தது. அந்த மாதம் கையிலிருந்த ஒரே வேலை. “இன்னைக்கும் ஓடலேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்” என்று போனில் சொல்லிவிட்டு அவரே கிளம்பி வந்தார். அவர் படியேறும் சத்தம் கேட்கிறது. அண்ணிக்குக் கை சும்மா இருக்கவில்லை. கோப்பிலிருந்த ஒற்றைக் குறி அத்தனையையும் ஒரே அமுக்கில் இரட்டையாக்கிவிட்டார்.

கடைக்காரர் ஆர்டர் பட்டனை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். ஊஹூம்.

அண்ணி கோப்பை மறுபடி திறந்து அந்த வரியைத் தேடினார். அந்தப் பட்டனுக்கான கட்டளைக்குள் ரொட்டியின் பெயர் ஏற்கெனவே இரட்டைக் குறிக்குள் இருந்தது. அதனால்தான் கொழுந்தன் வெளியே ஒற்றை போட்டிருந்தார். இப்போது வெளியேயும் இரட்டை ஆனதும், ரொட்டியின் பெயருக்கு முன்னால் இருந்த குறியையே முடிவென்று நினைத்துப் பிரவுசர் பாதியில் நின்றுவிட்டது.

கொழுந்தன் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். “தம்பி, சிரிக்காதீங்க” என்று பல்லைக் கடித்துக்கொண்டே, அந்த ஒரு வரியில் அண்ணி தன் கையாலேயே ஒற்றைக் குறி போட்டார். எனக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது.

பட்டன் வேலை செய்தது. “பலே! கைராசிக்காரங்கம்மா நீங்க” என்று கடைக்காரர் கையை நீட்டினார்.

அண்ணி அந்தக் கையைப் பிடிக்கவில்லை. கொழுந்தனின் சட்டையைப் பிடித்து முன்னால் இழுத்து, அவர் கையை எடுத்துக் கடைக்காரரின் கையில் வைத்தார்.