குளிருக்கு ஒரு பொன்னாடை

வெளியே கிளம்பும்போது கோட்டு மாட்டுவதும் வீட்டுக்குள் வந்ததும் கழற்றுவதும் இந்த நாட்டு வழக்கம். 2001 ஜனவரியில், நியூ ஜெர்சியின் எடிசனில், நாங்கள் உள்ளே வந்த பிறகும் கழற்றவில்லை. கோட்டோடு சமைத்தேன், கோட்டோடு சாப்பிட்டோம், நான்கு வயது மகள் தாரிணி கோட்டோடு தூங்கினாள். என் கணவர் முருகேசனின் ப்ராஜெக்ட் முடிந்துபோயிருந்தது. அடுத்தது கிடைக்கும்வரை பெஞ்சில் இருங்கள் என்ற கம்பெனி, சம்பளத்தையும் நிறுத்திவிட்டது. அந்த வருஷம் பார்த்துத்தானா வீட்டைச் சூடாக்கும் கேஸின் விலையும் ஏற வேண்டும்? சுவரிலிருக்கும் தெர்மோஸ்டாட்டை நான் ஏற்றுவேன், அவர் வாயே திறக்காமல் வந்து இறக்குவார். கோபிசெட்டிபாளையத்தில் மாமனார் வீட்டில் இதே சண்டையை ஃபேன் ரெகுலேட்டருக்காகப் போட்டிருக்கிறோம். அங்கே காற்று போதவில்லையென்றால் மொட்டைமாடிக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். இங்கே எங்கே போவது?

கீழ்வீட்டில் டொலோரஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி இருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒருநாள் கதவைத் தட்டியவர் என் கோட்டைப் பார்த்துவிட்டு, “ஆர் யூ கோயிங் அவுட், ஹனி?” என்றார். “நோ, ஐ ஆம் குக்கிங்” என்றேன். நான் ஜோக்கடிப்பதாக நினைத்துச் சிரித்தார். உள்ளே எட்டிப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கவுண்டி ஆபீஸில், நம் மாவட்ட ஆபீஸ் மாதிரி, ஹீட்டிங் செலவுக்கு உதவுகிறார்கள், நான் வருஷா வருஷம் வாங்குகிறேன் என்றார். ரேஷன் கடைக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

“கவர்மென்ட் ஹெல்ப் வாங்குனா க்ரீன் கார்டு அப்ளை பண்றப்ப கேப்பாங்க. நமக்கெதுக்கு வம்பு, உடு” என்றார் இவர். மகள் இங்கே பிறந்தவள், அவள் பேரில் கேட்டிருக்கலாம், க்ரீன் கார்டுக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது என்று பின்னால் ஒரு வக்கீல் சொன்னார். அதற்குள் குளிர்காலமே முடிந்திருந்தது.

அந்த வாரம் வரதன் அங்கிள் வீட்டில் விருந்து. சென்னைக்காரர், எங்களுக்கெல்லாம் வெகுகாலம் முன்பே வந்தவர், எங்கள் வட்டாரத் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். தாரிணி போனதும் கோட்டைக் கழற்றினாள், ஸ்வெட்டரைக் கழற்றினாள், சாக்ஸையும் உருவி எறிந்தாள். பிறகு எல்லோர் முன்னாலும், “அம்மா, வொய் இஸ் தெயர் ஹவுஸ் ஸோ வார்ம்?” என்று கேட்டாள். இவர் ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது அங்கிள் கார் வரைக்கும் வந்தார். “என்னப்பா, நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்? உதவிக்குன்னு அடுத்தவன் ஆபீஸ்ல போய் நிக்காத. சங்கம் பாத்துக்கும்.”

“யாருக்கும் தெரிய வேண்டாங்க, அங்கிள். ஊர்ல அப்பாவுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாருங்க.”

“உனக்கும் எனக்கும் நடுவுல. போதுமா?”

வீடு வரும்வரை இவர் மெதுவாக விசிலடித்துக்கொண்டே ஓட்டினார். பல நாள் கழித்துக் கேட்ட விசில்.

பொங்கல் விழா ஒரு பள்ளி அரங்கத்தில் நடந்தது. குழந்தைகளின் கோலாட்டம் முடிந்து அங்கிள் மைக்கைப் பிடித்தார். “நம்ம தமிழ்ச் சொந்தம் ஒருத்தர் வேலை போய், வீட்ல ஹீட் போட முடியாம குழந்தையோட கஷ்டப்படறார். பேர் சொல்லமாட்டேன். அவர் மனசு புண்படக் கூடாது.” கைதட்டல். “சங்கம் அவருக்கு உதவுது. முருகேசன், கொஞ்சம் மேடைக்கு வாப்பா.”

இவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து போனார். சரிகை மின்னும் பொன்னாடையைப் போர்த்தினார்கள். ஒரு மாதக் கேஸ் பில்லைக் கட்டிய ரசீதும் ஒரு மின்சார ஹீட்டரும் கையில் வந்தன. ஹீட்டரின் நெற்றியில் கம்ப்யூட்டரில் அச்சடித்த தமிழ் ஸ்டிக்கர்: ‘உபயம்: வரதன் குடும்பத்தினர்’. நம் ஊர்க் கோயில் டியூப்லைட்டில் பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு எழுதியிருக்குமே, அதேதான். வீடியோகாரர் இன்னொரு முறை வாங்கச் சொன்னார். இவர் கொடுத்துவிட்டு மறுபடியும் வாங்கினார்.

சாப்பாட்டு வரிசையில் எங்களுக்கு வழி விட்டார்கள். மிச்சமான சர்க்கரைப் பொங்கலைக் கேட்காமலே கட்டிக் கொடுத்தார்கள். “தைரியமா இரும்மா” என்று என் முதுகைத் தடவினார்கள். யாரும் கெட்டவர்களில்லை. எனக்கு மட்டும் அந்தப் பொட்டலத்தை யார் முகத்திலாவது எறிய வேண்டும்போல இருந்தது.

வீட்டுப் படியில் டொலோரஸ் எதிர்ப்பட்டார். சரிகையைப் பார்த்து அவருக்குக் கண் விரிந்தது. “வாட் டிட் யூ வின்?”

“தேங்க் யூ” என்றார் இவர்.

ஹீட்டர் நன்றாகவே எரிந்தது. சூடேறினால் ஸ்டிக்கரின் பசை உருகி வாடை வரும். இவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ‘உபயம்’ வந்துவிட்டது, குடும்பத்தினர் வரவில்லை.

மேடையேறியவர்களின் பெற்றோருக்கு வீடியோ காசெட்டும் ஒரு போட்டோவும் அனுப்புவது சங்கத்தின் வழக்கம். எங்களுக்கு அது தெரியாது; உறுப்பினர் படிவத்தில் ஊர் விலாசத்தை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தோம். ஒரு காலையில் மாமனார் போன் பண்ணினார்.

“சாமி, காசெட் வந்துருச்சு. வீதியே வந்து பாத்துட்டுப் போச்சு. சனங்க போடற சத்தத்துல மைக்குல அவரு பேசறதுதான் கேக்கல. என்ன பரிசு கண்ணு அது?”

இவர் ரிசீவரை மற்ற காதுக்கு மாற்றிக்கொண்டார். “வேலைக்குங்கப்பா.”

“நல்லா வேலை செய்யறீன்னு குடுத்தாங்களா?”

“ஆமாங்கப்பா.”

ஏப்ரலில் டெக்ஸாஸில், சுகர் லேண்டுக்குப் பக்கத்தில் வேலை கிடைத்தது. ஹீட்டருக்கு வேலையில்லாத ஊர். விசா முத்திரைக்காக மே மாதம் இந்தியா போனபோது கோபிக்கும் போனோம். கூடத்துச் சுவரில், நுழைந்ததும் கண்ணில் படும் இடத்தில், அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார் மாமனார். பார்க்க வந்த சொந்தக்காரர்களை முதலில் அதன் முன்னால்தான் நிறுத்தினார்.

“அமெரிக்காவுல எதுக்குங்க மாப்பிள்ளை பொன்னாடை போத்துனாங்க?” என்று ஒரு பெரியவர் கேட்டார்.

இவர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். “குளிருக்குங்க, மாமா.”

கூடமே சிரித்தது. மாமனார்தான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார். சிரித்தபடியே மகனின் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். இவரும் சிரித்தார், வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. நான் நிமிர்ந்து போட்டோவைப் பார்த்தேன். அன்று அந்த அரங்கத்தில் நல்ல சூடு. எல்லோரும் பட்டிலும் வேட்டியிலும் நிற்கிறார்கள். பொன்னாடைக்கு அடியில் இவர் மட்டும் கோட்டைக் கழற்றாமல் நிற்கிறார்.