வேஸ்ட் குடோன் திருப்பத்தில் இரண்டு ஹாரன்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். எங்கள் அணியில் என் சின்ன மாமா, பக்கத்து லைன் வீட்டில் குடியிருந்த தேனிக்கார அண்ணன், நான். எதிரணியில் ரயில்வே லைனுக்கு அந்தப்புறமிருந்து வந்த காலேஜ் பையன்கள் மூன்று பேர். ஏழாவது ஆள் அத்தை. டீ டம்ளர் எடுக்க வந்தவர் சமையலறை நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். எட்டாவதாகவும் ஒருவர் இருந்தார். அவரை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மாமா அதற்கு முன்னால் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கையில் இருந்ததையும் அத்தையின் கழுத்தில் இருந்ததையும் போட்டு ஆறு கம்ப்யூட்டர் வாங்கி, வீட்டின் முன்னறையில் வைத்து, பிரவுசிங் சென்டர் என்று போர்டு மாட்டினார். பிரவுஸ் செய்யத்தான் ஆள் வரவில்லை. பரீட்சை ரிசல்ட் வரும் நாளில் மட்டும் தெருவரைக்கும் கூட்டம் நிற்கும். மற்ற நாட்களில் சென்டரைக் காப்பாற்றியது ஒரு துப்பாக்கி விளையாட்டுதான். அந்த விளையாட்டில் ஒரு அணி குண்டு வைக்க வரும், இன்னொரு அணி அந்த இடத்தைக் காவல் காக்கும். நேரம் முடியும்வரை குண்டு வைக்க விடாமல் பார்த்துக்கொண்டால் காவல் அணிக்கு வெற்றி. காவலில் இருப்பவர்கள் எல்லோரும் செத்துவிட்டால் தோல்வி. செத்தவர் அடுத்த சுற்றுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எங்கள் வீடு மாமா வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லைத் தாண்டினால் வந்துவிடும். அப்பா அம்மா இரண்டு பேரும் கம்பெனிக்குப் போகிறவர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் மாமா வீட்டில்தான் இருப்பேன். ஒருநாள் ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைந்ததால் மாமா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் ஓடினேன், சுவரில் முட்டினேன், எங்கள் ஆளையே சுட்டேன். மாமா சலித்துப்போய், லென்ஸ் வைத்த நீளமான துப்பாக்கி ஒன்றை என் கையில் கொடுத்து, ஒரு மூலையில் நிறுத்தி, இங்கேயே நின்று அந்தக் கதவை மட்டும் பார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது எனக்குப் பொருந்திவிட்டது.

மற்றவர்களால் ஒரு கதவைக் கொஞ்ச நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கை அரிக்கும், எட்டிப் பார்ப்பார்கள், செத்துப்போவார்கள். எனக்கு அந்தக் கஷ்டமே இல்லை. அம்மா வரத் தாமதமானால் என்னவோ ஆகிவிட்டது, கேஸ் அடுப்பை நிறுத்தினோமா, தண்ணீர் லாரி திரும்பும்போது யாராவது குறுக்கே போய்விடுவார்களோ என்று, கெட்டது எந்த மூலையிலிருந்து வரும் என்று பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் நான். அதே பயத்துக்கு அந்த ஆட்டத்தில் ஸ்னைப்பர் என்று பேர் வைத்திருந்தார்கள்.

மாமா கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொடுத்தார். சுவரோரம் ஒட்டி நிற்காதே, தள்ளி நில், அப்போதுதான் வருகிறவன் உன்னைப் பார்ப்பதற்குமுன் நீ அவனைப் பார்ப்பாய். லென்ஸைக் கண்ணிலேயே வைத்திருக்காதே, பக்கத்தில் நடப்பது தெரியாது. ஒரு குண்டு சுட்டாயா, பட்டதோ படவில்லையோ, உடனே பின்வாங்கி இடத்தை மாற்று. இருந்த இடத்திலிருந்தே இரண்டாம் முறை எட்டிப் பார்ப்பவன் செத்தான். துப்பாக்கி விலை அதிகம். நீ செத்தால் எதிராளி அதை எடுத்துக்கொள்வான். அதனால் சுற்று தோற்பது உறுதி என்றால் ஒளிந்துகொண்டு துப்பாக்கியையாவது காப்பாற்று. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று சொல்வார். ஸ்னைப்பர் ஒரே பக்கம்தான் பார்க்க முடியும், அவளுடைய முதுகுக்குக் காவலாக இன்னோர் ஆள் இருக்க வேண்டும். அந்த வேலை தேனிக்கார அண்ணனுடையது. அவர் பனியன் ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர்.

"நீ தேடிப் போகாத பாப்பா. அவனா வருவான்" என்பார் அண்ணன். அந்த ஒரு வாக்கியத்தை அவர் சொல்லாத நாளில்லை.

ஆனால் நான் காவல் காத்த கதவுகள் இரண்டு. ஒன்று திரையில் இருந்தது. மற்றது தெருவில். பையன்கள் நடுவில் உட்கார்ந்து நான் விளையாடுவது அப்பாவுக்குத் தெரிந்தால், அடுத்த நாளே பள்ளிக்கூடத்தை நிறுத்தி, கம்பெனியில் துணிக் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் நிற்க வைத்துவிடுவார் என்று அம்மா சொல்லியிருந்தார். அப்பா அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் எதையுமே அதிகம் சொல்லமாட்டார். அயர்ன் மாஸ்டர். நாளெல்லாம் ஆவியிலே நின்றுவிட்டு வருவதால் வீட்டுக்கு வந்ததும் சூட்டுக் கையைத் தண்ணீரில் வைக்காமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். பேசாதவர்கள் மனதில் என்ன இருக்கும் என்று யோசித்தால் எனக்கு எப்போதும் கெட்டதுதான் தோன்றும்.

எனக்கு ஒரு வசதி இருந்தது. எங்கள் தெரு ஆரம்பிக்கிற இடத்தில் பனியன் வேஸ்ட் குடோன் ஒன்று. அதன் மதிலைச் சுற்றித்தான் வண்டி திரும்ப வேண்டும். அப்பாவின் மொபட் அங்கே வந்ததும் இரண்டு முறை ஹாரன் அடிக்கும். நாய்கூடக் குறுக்கே வராத திருப்பம் அது. இருந்தாலும் ஒருநாளும் தவறாமல் அடிப்பார். அது கேட்டதும் நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, பின்வாசல் வழியாக ஓடி, துவைக்கிற கல்லைத் தாண்டி, வீட்டில் கணக்குப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அதற்குப் பிறகுதான் மொபட் வாசலுக்கு வரும். ஒரு நாள்கூட மாட்டவில்லை. பழைய வண்டி, மெதுவாகத்தான் வரும் என்று நினைத்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருக்கும்.

இதற்காக ஹெட்போனை ஒரு காதில் மட்டும்தான் வைத்திருப்பேன். இடது காதில் ஆட்டத்துக் காலடிச் சத்தம் கேட்கும். வலது காது தெருவுக்கு.

காலேஜ் பையன்களோடு போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோற்கிற அணி ஆறு கம்ப்யூட்டருக்கும் காசு கட்ட வேண்டும் என்று பேச்சு. எனக்கு அதுவல்ல முக்கியம். ஜெயித்தால் தானே போய் அப்பாவிடம் பேசுவதாக மாமா சொல்லியிருந்தார். பாப்பா கம்ப்யூட்டர் பழகட்டுமுங்க, தப்பில்லீங்க என்று சொல்வாராம். அப்பா சரி என்றால், கதவோரத்து ஆறாவது கம்ப்யூட்டரில் நான் இரண்டு காதிலும் ஹெட்போன் மாட்டி உட்காரலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அம்மா குன்னத்தூரில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார். அவசர ஷிப்மெண்ட் என்பதால் அப்பாவின் கம்பெனியில் அன்றும் ஒரு ஷிப்ட் ஓடியது. ஐந்தரைக்கு விடும். ஆறு மணிக்குள் ஹாரன் கேட்டாக வேண்டும். அதற்குள் ஆட்டம் முடிந்துவிடும் என்று மாமா சொன்னார்.

பையன்கள் என்னைப் பார்த்ததும் சிரித்தார்கள். அதில் ஒருவன் மிகுந்த மரியாதையோடு கேட்டான். "ஏனுங்க, பாப்பாவுக்கு வீட்டுப்பாடம் எதும் இல்லீங்களா?"

"இதுதானுங்க வீட்டுப்பாடம்" என்றார் மாமா.

முதல் சுற்றிலேயே அவன் என் கதவு வழியாகத்தான் வந்தான். இரண்டாவது சுற்றிலும் வந்தான். அதற்கப்புறம் வீட்டுப்பாடத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அவர்கள் கெட்டிக்காரர்கள். புகைக் குண்டு போட்டு என் கண்ணை மறைத்தார்கள், வேறு வழியாக வந்து மாமாவைச் சாய்த்தார்கள். நாங்கள் ஒன்று ஜெயித்தால் அவர்கள் ஒன்று ஜெயித்தார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் சமமாகி, ஒரே ஒரு சுற்று மிச்சம் இருந்தது. அதில் காவல் எங்களுக்கு.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு தாண்டிவிட்டது. ஹாரன் கேட்கவில்லை.

கேட்டிருந்து நான் கவனிக்காமல் விட்டிருப்பேனா? இல்லை, வலது காது திறந்துதானே இருந்தது. ஓவர்டைம் வைத்துவிட்டார்களா? ஞாயிற்றுக்கிழமை வைக்கமாட்டார்களே. சுற்று ஆரம்பித்துவிட்டது. நான் என் மூலைக்குப் போய், சுவரிலிருந்து தள்ளி நின்று, கதவைப் பார்த்தேன். அப்பா வருகிற மில் ரோட்டில் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம் மூடாமல் கிடந்தது ஞாபகம் வந்தது. அப்பாவின் வண்டிக்கு முன் பிரேக் பிடிக்காது என்பதும் ஞாபகம் வந்தது. மாமா ஒருவனைச் சுட்டார், உடனே அவரும் செத்தார். தேனிக்கார அண்ணன் என் முதுகுப் பக்கமாக வந்த இன்னொருவனைச் சுட்டுவிட்டுத் தானும் விழுந்தார். அவர்கள் பக்கம் ஒருவன், எங்கள் பக்கம் நான். நேரம் கொஞ்சம்தான் மிச்சம். நான் ஒன்றும் செய்ய வேண்டாம். அவனாக வருவான். வராவிட்டாலும் ஜெயித்துவிடுவோம். கதவை விட்டு நகராமல் இருந்தால் போதும்.

அத்தை கையில் டம்ளரோடு நின்றார். என் கண் கதவின் மேலே இருந்தது. ஆனால் எனக்குத் தெரிந்தது வேறு. பள்ளத்துக்குள் தலைகுப்புற ஒரு மொபட், பக்கத்தில் உருண்டு கிடக்கும் சோற்றுத் தூக்குப்போசி. பின்சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

எழுந்துவிட்டேன். ஹெட்போன் வயர் இழுபட்டுக் கீழே விழுந்தது. மாமா, "கண்ணு, கண்ணு" என்றார். வாசல் திரையை விலக்கித் தெருவுக்கு ஓடினேன்.

அப்பா அங்கே நின்றுகொண்டிருந்தார்.

வாசலை ஒட்டிய ஜன்னலோரத்தில், நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர்ப் பின்னால். மொபட்டுக்கு ஸ்டாண்ட் போட்டிருந்தது, இன்ஜின் அணைந்திருந்தது. தூக்குப்போசி கையிலேயே இருந்தது. வந்து எவ்வளவு நேரமாயிற்றோ தெரியாது. உள்ளே ஒரே ஒரு வெடிச்சத்தம் கேட்டது, காலேஜ் பையன்கள் கத்தினார்கள்.

அப்பா ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏங்கண்ணு எந்திரிச்சு வந்துட்டே? அந்தக் கதவ ஆரு பாக்கறது?"

அது அடிக்கு முன்னால் வருகிற பேச்சு என்றுதான் எனக்குத் தோன்றியது. சந்து வழியாக ஓடிப்போய் வீட்டில் கணக்குப் புத்தகத்தை விரித்துக்கொண்டேன். அப்பா வெகுநேரம் கழித்து வந்தார். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலை, கம்பெனிக்குத்தானே போகப்போகிறோம் என்று யூனிபார்ம் போடாமல் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதே என்றார் அப்பா. பயந்துகொண்டு அதற்குப் பிறகு நான் ஆறாவது கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்வேன். அப்போதும் குடோன் திருப்பத்தில் இரண்டு ஹாரன் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பழக்கதோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. யாரும் தண்டனையாக நிறுத்தவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டு அப்பா பல மாதம் படுத்துவிட்டார், நானாகத்தான் செக்கிங்குக்குப் போனேன். குணமாகி அவரும் அதே கம்பெனிக்குத் திரும்பினார். முதல் நாள் சாயங்காலம் அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். வேஸ்ட் குடோன் திருப்பம் வந்தது. வண்டி சத்தமில்லாமல் திரும்பிவிட்டது.

"ஹாரன் அடிக்கலீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"இனி ஆருக்கு அடிக்கறது?" என்றார்.

எதிர்க்காற்று அடித்தது. அன்றும் எனக்குப் பாதிதான் புரிந்தது.

மீதியைச் சொன்னவர் மாமா. சென்டரை மூடிவிட்டு மறுபடியும் கட்டிங் மாஸ்டராகிவிட்டிருந்தார். அவருடைய மகளின் காதுகுத்தில் பந்தி முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டே சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். அன்று நான் ஓடிய பிறகு அப்பா உள்ளே வந்தாராம். தோற்றதற்கு ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டாராம். அறுபது என்றதும் சட்டைப்பையிலிருந்து நாற்பதை எடுத்து வைத்து, மிச்சத்தைப் பாப்பா கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னாராம்.

"அப்பறம் ஒண்ணு சொன்னாரு கண்ணு. புள்ளய வைய வேண்டாம் மாப்ள, தப்பு எம்மேலதான், ஆட்டத்தப் பாக்கற ஆசைல இன்னைக்கு ஹாரன் அடிக்காம வந்துட்டேன்னாரு. என்ன ஹாரனோ, எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்குல" என்றார்.

சுண்ணாம்பு டப்பாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அப்பா அந்த மிச்சத்தைக் கொடுக்கவில்லை. நான் கொடுக்கப் போனபோது, உன் பேரில் எழுதியிருந்தாலும் அது உங்கப்பன் கணக்கு, அவரே தரட்டும் என்று மாமா வாங்க மறுத்துவிட்டார். இருபது ரூபாய் பாக்கி இன்னும் அப்படியே நிற்கிறது.