அந்தா, அங்க, இங்க

டெல்ஃபியா ஸ்லோனுக்கு அடுத்த நாற்காலி என்னுடையது. கிழக்குக் கென்டக்கி மலையில் எங்கள் வட்டாரத்தில் ஆபத்து என்று யார் போன் செய்தாலும் எங்கள் இருவரில் ஒருவர் காதில்தான் விழும். பதினாறு வருடமாகப் பார்க்கிறேன், போன் மணி அடித்து அவள் பயப்படாத நாள் கிடையாது.

இந்த மலைக்காரர்களிடம் 'யாண்டர்' என்று ஒரு சொல் உண்டு. நாம் கையை நீட்டி 'அந்தா' என்போமே, அதேதான். கண்ணுக்குத் தெரிய வேண்டும், கைக்கு எட்டக் கூடாது. அடுத்த வீட்டு வேலியும் அந்தாதான், மூன்று மைல் தள்ளியிருக்கும் முகடும் அந்தாதான். பட்டிக்காட்டுப் பேச்சு என்று பள்ளிக்கூடத்தில் திட்டித் தீர்த்தும் அது போகவில்லை. சங்கடம் என்னவென்றால், போனில் பேசும்போதும் இவர்கள் கையை நீட்டுவார்கள். அந்தக் கையை நாங்கள் எங்கே போய்ப் பார்ப்பது?

டெல்ஃபியா வேலைக்குச் சேர்ந்த புதிதில், பர்ல் ஃப்யூகேட் என்பவர் போன் செய்தார். தம்பி மேல் மரம் விழுந்துவிட்டது, "அந்தா, ஓடை முக்குல" என்றார். தன் வீட்டு வாசலில் நின்றால் எந்த ஓடை முக்கு தெரியுமோ, அங்கே ஆம்புலன்சை அனுப்பிவிட்டாள் இவள். பர்ல் நின்றதோ மலைக்கு மறுபக்கம். நாற்பது நிமிடம் போயிற்று, தம்பியும் போய்விட்டான். அதன் பிறகு கடையில் இவளைக் கண்டால் பர்ல் எடுத்த சாமானை அப்படியே வைத்துவிட்டு வெளியேறிவிடுவார். அன்றிலிருந்து யார் கூப்பிட்டாலும் இவள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எங்க நின்னு பாக்குறீங்க?"

போன ஜூலையில் வெள்ளம் வந்தது. பட்டப்பகல். எங்களிடம் மிச்சமிருந்தது ஒரே படகு. டெல்ஃபியாவின் போன் அடித்தது. நானும் ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பர்ல் ஃப்யூகேட் பேசுறேன். என் பொண்டாட்டியால நடக்க முடியாது, வண்டிக்குள்ள கிடக்கா. தண்ணி ஏறுது. ரோடு எது, ஓடை எதுன்னே தெரியல."

டெல்ஃபியா முகத்தில் ரத்தமே இல்லை. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"எங்க நின்னு பாக்குறீங்க, அண்ணே?"

"ஓ, நீயா" என்றார்.

"நாந்தான். தண்ணி எங்க இருக்கு?"

"அந்தா, புகையிலைக் கொட்டகைகிட்ட."

"வேற என்ன தெரியுது?"

"சர்ச் கூம்பு. நேர் பின்னால தண்ணித் தொட்டி."

"பின்னாலயா, பக்கத்துலயா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"பின்னாலன்னா பின்னாலதான். எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. காதுதான் சில பேருக்குக் கேக்காது."

அவள் அதை வாங்கிக்கொண்டாள். கூம்பும் தொட்டியும் ஒரே கோட்டில் தெரிவது கல்லறைத் திருப்பத்தில் மட்டும்தான். தன் அம்மாவைப் புதைத்த இடம், அவளுக்குத் தெரியாதா? ஆனால் போன் டவரை வைத்து இடம் சொல்லும் எங்கள் திரை, அழைப்பு வருவது வேறு ஓடையிலிருந்து என்று காட்டியது.

"படகைக் கல்லறைத் திருப்பத்துக்கு அனுப்பு" என்றாள் என்னிடம்.

"திரை வேற இடம் சொல்லுது, டெல்ஃபி."

"தெரியும். அனுப்பு."

அனுப்பினேன். இடம் தப்பினால் திருப்பி அனுப்ப நேரம் கிடையாது.

"இப்ப தண்ணி எங்க, அண்ணே?"

"அங்க. வண்டிக்குப் பத்தடி."

டெல்ஃபியா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"இப்ப?"

"இங்க. அவ காலு நனையுது." அவர் குரல் உடைந்தது. "சரியான இடத்துக்குத்தான அனுப்பியிருக்க?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அனுப்பியிருக்கேன்" என்றாள்.

பிறகு வெறும் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

"அந்தா" என்றார் பர்ல். "அந்தா, ஒரு படகு."

"கிட்ட வந்தாச்சா? வந்தப்புறம் சொல்லுங்க."

"இங்க வந்துட்டாங்க. அவளத் தூக்குறாங்க."

பர்ல் உடனே போனை வைக்கவில்லை.

"எங்க நின்னு பாக்குறேன்னு அன்னைக்கும் கேட்டிருக்கலாம்ல நீ" என்றார்.

"ஆமாண்ணே" என்றாள்.

போன் நின்றது. அவள் என் மணிக்கட்டை விட இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.